அப்பாயியின் நிறம்

அப்பாயி செத்துப் பதினோராவது நாள் ராத்திரி, எங்க வீட்டுப் பிரிண்டரில் இருந்து வெளியே வந்த அவங்க முகம் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

அத்தை அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி இது, எங்கம்மாவுக்குக் காமாலை வந்ததே இல்லியே" என்றார். பதினொரு நாளாக அழுதுகொண்டிருந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறை யாரோ சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வேணும். "ஸ்டூடியோவுக்கெல்லாம் போக வேணாம், நானே அடிச்சுத் தாறேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தவன் நான்.

லுணுகலையில் இருந்து பதுளைக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் இரண்டு வருசத்துக்கு முன் காசு சேர்த்து மை ஊற்றும் டேங்க் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். தோட்டத்துப் பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்ட், பிறந்தநாள் போட்டோ, மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் அடிக்கிறேன். அந்த வாரம்கூட ஒரு பிள்ளைக்குத் தேயிலை மலைப் படங்கள் பத்து அடித்துக் கொடுத்தேன். பச்சைப் பசேல் என்று வந்தது. அப்போ அப்பாயிக்கு மட்டும் என்ன ஆச்சு?

பதில் அந்தத் தேயிலைப் படத்திலேயே இருந்திருக்கிறது. பிரிண்டரில் இருப்பது நாலு மை: நீலம் மாதிரியான சயன், ரோஸ் மாதிரியான மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு. பச்சை நிறம் சயனும் மஞ்சளும் சேர்ந்தால் வந்துவிடும். தேயிலைக்கு மெஜெந்தா பெரிசாகத் தேவையில்லை. மனுசத் தோல் அப்படி இல்லை. கறுப்போ மாநிறமோ சிவப்போ, எந்தத் தோலுக்கும் அடிப்படை மெஜெந்தாவும் மஞ்சளும்தான். தோல் கறுக்கக் கறுக்க அதோடு சயனும் கறுப்பும் கூடும். மெஜெந்தா நின்றுபோனால் மலை நல்லாத்தான் இருக்கும், மனுசருக்குத்தான் காமாலை வரும்.

நொசில் செக் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் மெனுவிலேயே இருக்கும் வேலை அது. நாலு நிறத்திலும் சின்னச் சின்னக் கோடுகளை அடித்துக் காட்டும். மூணு நிறம் முழுசாக இருந்தது. மெஜெந்தாவில் பாதிக் கோட்டைக் காணோம். மை வரும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் காய்ந்து அடைத்திருக்கு.

ஏன் காய்ந்தது என்றால், அதுக்குக் காரணம் நாங்கதான். எங்க பக்கம் இடி இடித்தால் முதல் வேலை சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குவது. பிரிண்டரை அதனுடைய பட்டனை அமத்தி அணைத்தால், மை வரும் ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்தபடி கிடக்கும். துளைகள் காற்றில் காயும். இனி எங்க வீட்டில் சட்டம்: முதலில் பட்டன், அப்புறம் பிளக்.

ஹெட் கிளீனிங் இரண்டு தடவை போட்டேன். பாதி சரியாச்சு. பதற்றத்தில் பத்துத் தடவை போடத் தோன்றும், போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் மை வீணாக உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும். அணைத்துவிட்டுப் படுத்தேன். ராத்திரி முழுக்க மை ஊறிக் காய்ந்தது இளகட்டும் என்று. காலையில் இன்னொரு தடவை. கோடுகள் முழுசாக வந்தன.

அடுத்த பிரிண்டில் காமாலை போய்விட்டது. ஆனால் முகம் கரி பூசின மாதிரி வந்தது. அது என் பிழை. வினாத்தாள் அடித்த பழக்கத்தில் செட்டிங்கில் சாதாத் தாள் என்றே இருந்தது. மையை எவ்வளவு கொட்டுவது, எந்த நிறத்தை எப்படிக் கலப்பது என்பதைத் தாளின் வகையை வைத்துத்தான் பிரிண்டர் முடிவு செய்கிறது. பளபளப்பான போட்டோத் தாளை வைத்துவிட்டு அதனிடம் பொய் சொன்னால் இப்படித்தான். மாற்றினேன்.

மூணாவது பிரிண்ட் சுத்தமாக வந்தது. பிரிண்டரில் இனி ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது.

படத்தில் அப்பாயியின் முகம் வெள்ளையாக, லேசான ரோஸில் இருந்தது. கழுத்து கறுப்பு. மடியில் இருந்த கை இன்னும் கறுப்பு. நாப்பது வருசம் கொழுந்து பறித்த கை. பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை ஏறி, வெடிப்பு விழுந்த கை. அந்தக் கைக்கு மேலே வேறு யாருடைய முகத்தையோ வெட்டி ஒட்டின மாதிரி.

கல்யாண வீட்டில் மச்சான் அவனுடைய போனில் எடுத்த படம் அது. பியூட்டி மோட் போட்டே இருந்திருக்கு. போன் முகத்தைத் தேடிப்பிடித்து வெளுக்க வைத்திருக்கு, சுருக்கத்தை அழித்திருக்கு, மூக்குத்தியையும் சேர்த்து மழுக்கியிருக்கு. ஒரிஜினல் இருக்கா என்று கேட்டேன். "அதுதான்டா ஒரிஜினல்" என்றான். முகப்பூச்சுக் கம்பனிக்காரங்க 'ஃபெயார் அண்ட் லவ்லி' என்ற பேரை 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிவிட்டாங்க. போனுக்குள்ளே இருக்கும் கிறீம் நம்மளைக் கேட்காமலே தடவிவிடுது.

இது போனில் தொடங்கின கதையும் இல்லை. பிலிம் காலத்தில் கோடக் கம்பனி போட்டோ கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். முதலில் அதில் இருந்தவர் கோடக்கிலேயே வேலை செய்தவர், பேர் ஷெர்லி. அதனால் அந்த அட்டைக்கே 'ஷெர்லி கார்ட்' என்று பேர். 1950களில் இருந்து, அவருடைய தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். கறுப்புத் தோல் சேறு மாதிரி வந்தால் யாரும் மெஷினைக் குறை சொல்லவில்லை. கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப்பற்றி 2009இல் விரிவாக எழுதினார். அடர்ந்த பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று அழுத்தமாக முறைப்பாடு செய்தவர்களில் சொக்லேட் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் உண்டு என்று அவர் சொல்கிறார். சொக்லேட்டுக்காகப் பிலிம் மாறியது. பல இனப் பெண்களும் இருக்கும் அட்டை வர 1990களின் நடுப்பகுதி ஆச்சு.

இதை வாசித்துவிட்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கொழும்பில் இருக்கும் பெரியப்பாவோ வேறு முடிவில் இருந்தார். போனில் படத்தை அனுப்பினதும் எடுத்தார்.

"வெள்ளையா இருக்கிறதே இருக்கட்டும் தம்பி. நாலு பேர் வந்து பாக்கிற படம்."

"அது அப்பாயி மாதிரியே இல்ல பெரியப்பா."

"இருக்கிறப்பதான் வெயில்லயும் மழையிலயும் கெடந்து கறுத்துச்சு. செத்த பெறகாவது கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டுமே. தோட்டத்து ஆளுன்னு மொகத்துல எழுதி ஒட்டணுமாடா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. பதினெட்டு வயசில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர் அவர். அங்கே அவருடைய நிறத்தையும் பேச்சையும் வைத்து என்னென்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஷெர்லி கதையை அவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்பாயியின் வேறு படம் வீட்டில் ஒன்றுதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போவதா இருப்பதா என்று குடும்பமே அல்லாடின காலத்தில், பாஸ்போட்டுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அவங்க தம்பிமார் போனாங்க. அப்பாயி இருந்துட்டாங்க. அந்தப் படத்தில் நிறமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கந்தோருக்காக எடுத்த முகம்.

அத்தைதான் வழி சொன்னார். "அதே கல்யாணத்துல கமரா பையன் எடுத்த குரூப் போட்டோ இருக்கே." எடுத்துப் பார்த்தோம். கடைசி வரிசை ஓரத்தில், பந்தல் நிழலில், அப்பாயி சின்னதாக நிற்கிறாங்க. பில்டர் இல்லை. பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. A4 சைஸுக்கு வராது. ஆனால் மூக்குத்தி இருந்தது, சுருக்கம் இருந்தது, பக்கத்தில் யாரையோ பார்த்து வரும் அந்தக் கோணல் சிரிப்பும் இருந்தது.

வெட்டி, நாலு சின்னத் துண்டாக ஒரே தாளில் அடித்தேன். ஒன்று கொஞ்சம் வெளிச்சம், ஒன்று இருட்டு, ஒன்றில் மெஜெந்தா கூட, ஒன்றில் குறைய. இதுதான் எனக்குத் தெரிந்ததில் நல்ல முறை. போன் ஸ்கிரீனை நம்பக்கூடாது, அது பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு காட்டுது. மை காய அரை மணிநேரம் விட்டேன். லயத்துக்குள் எல்.ஈ.டி. பல்பு வெளிச்சத்தில் நாலுமே சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. வாசலுக்குக் கொண்டுபோனோம்.

அத்தை நாலையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு அம்மா கலருதானே" என்றார். பிறகு மூணாவதைத் தொட்டார். "இதுதான். மலையில இருந்து எறங்கி வந்து, படங்க அவுத்துப் போட்டுட்டு, மொகம் கழுவிட்டு நிக்கிறப்ப இப்படித்தான் இருக்கும்."

போஸ்ட்கார்ட் சைஸில் அடித்து, பெரிய பிரேமுக்குள் வெள்ளை அட்டை வைத்து நடுவில் ஒட்டினோம். கருமாதி அன்றைக்கு வந்தவர்கள் கிட்டப் போய்க் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பெரியப்பாவும் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்குத்தி தெரியுது" என்று மட்டும் சொன்னார். பஸ் ஏறுவதற்கு முன், "எனக்கு ஒன்னு அடிச்சுக் குடு. அந்த வெள்ளைப் படத்தையும் குடு" என்றார்.

இரண்டையும் கொடுத்தேன். கொழும்பு வீட்டில் எதை மாட்டியிருக்கிறார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இப்போ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நொசில் செக் அடிக்கிறேன். வாரம் ஒருதடவை எல்லா நிறமும் கொஞ்சமாவது ஓடினால் துளை காயாது. போன வாரம் சிரேஷ்ட பிரஜைகள் அட்டைக்குப் போட்டோ எடுக்க ஒரு பாட்டி வந்திருந்தாங்க. "கொஞ்சம் செவப்பா போடுவியா தம்பி?" என்று கேட்டாங்க. பியூட்டி மோடை ஓஃப் பண்ணிவிட்டு, "வாசல்ல நில்லுங்க பாட்டி, வெளிச்சம் நல்லாருக்கு" என்றேன்.