அரக்கு முத்திரை

கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். "ஆஹா, பிரமாதம்!" என்று எழுதுபவை ஒரு வகை. "கதாநாயகியை ஏன் ஐயா சாகடித்தீர்?" என்று சண்டைக்கு வருபவை இன்னொரு வகை. இந்த இரண்டையும் நடுத் தெருவில் நின்று உரக்கப் படித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவது வகைதான் கனமானது. "உங்கள் கதையில் வருகிற பெண்ணுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது" என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் அவை.

அந்த நாளில் இத்தகைய கடிதங்கள் நன்றாக ஒட்டிய உறையில் வரும். கார்டில் எழுத மாட்டார்கள். தபால்காரர் முதல் திண்ணைக் கிழவர் வரை படித்து முடித்த பிறகுதான் கார்டு உரியவர் கைக்கு வரும் என்பது நம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் சுப செய்தி; ஓரத்தில் கறுப்பு மை இருந்தால் சாவுச் செய்தி. ஊருக்கே தெரியவேண்டிய சங்கதிக்குக் கார்டு, உள்ளத்துச் சங்கதிக்கு உறை என்று வைத்திருந்தார்கள்.

இப்போது கடிதங்கள் ஈ-மெயிலில் வருகின்றன. திரையில் அழகாக ஓர் உறையின் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். நாமும் உறைதான் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் மெயில் அனுப்புவதற்கு 1982-ல் ஜான் போஸ்டல் வகுத்துக் கொடுத்த எஸ்.எம்.டி.பி. என்ற முறையில் ஒட்டுவது, மூடுவது என்ற பேச்சே இல்லை. வழியில் நிற்பவன் நினைத்தால் படிக்கலாம். சுத்தமான கார்டு! அவரைக் குறை சொல்லக் கூடாது. அன்று அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். பிறகுதான் உலகம் முழுவதும் உள்ளே வந்தது.

நான் வசிப்பது வேங்கிக்காலில். திருவண்ணாமலையை ஒட்டினாற் போல, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர். கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றுகிறார்களே ஜோதி, அது எல்லாருக்கும் பொதுவான செய்தி. அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அதைப் பார்க்க வந்த லட்சோப லட்சம் ஜனங்களும் ஒரே சமயத்தில் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தால், எங்கள் தெரு இண்டர்நெட்டுக்கு மூச்சுத் திணறிவிடும். மெயில் பக்கம் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும்.

அடுத்த வீட்டுப் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். தீபத்துக்கு வந்திருந்தவன் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, "சார், படம், பளபளப்பு ஒண்ணும் வேணாம்னா 'மட்'டுனு ஒரு புரோகிராம் இருக்கு. வெறும் எழுத்துதான். ரெண்டு மூணு கிலோபைட்தான் ஒரு லெட்டர். இந்த லைன்லயும் வந்துடும்" என்றான்.

மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் 1995-ல் எழுதியதாம். 'மட்' என்றால் இங்கிலீஷில் கலப்பின நாய். "மெயில் புரோகிராம் எல்லாமே மோசம், இது கொஞ்சம் குறைந்த மோசம்" என்பதுதான் அதன் விளம்பர வாசகத்தின் சாரம். இவ்வளவு யோக்கியமான விளம்பரத்தை நான் எந்தச் சோப்புக்கும் கண்டதில்லை!

கறுப்புத் திரையில் வரிவரியாகக் கடிதங்களின் பட்டியல். புதிதாக எழுத 'எம்', பதில் எழுத 'ஆர்', வெளியே போக 'க்யூ'. நாய்க்கு ஒற்றைச் சொல்லில் உத்தரவு போடுவது போலத்தான். ஆனால் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், எந்த வாசலில் குரல் கொடுக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் நாமே எழுதிக் கற்றுக்கொடுக்க வேண்டும். "மெயில் சர்வர் பேரை எழுதுங்க சார்" என்றான் பையன். சர்வர் என்றதும் எனக்கு ரவா தோசை ஞாபகம் வந்தது. யோசித்தால் பொருத்தமான பெயர்தான். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவன் அல்லவா?

அந்தச் சர்வருக்குப் பல வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடிதம் வாங்க 143 என்று பழைய வாசல். அங்கே பேச்சு திறந்தபடியே தொடங்கும். 993-ல் முதல் வார்த்தையிலிருந்தே பூட்டிய பேச்சு. டி.எல்.எஸ். என்கிறார்கள். கடிதம் அனுப்புவதற்கும் இப்படியே இரண்டு. 587-ல் முதலில் வெளிப்படையாகப் பேசிவிட்டு, "இனி ரகசியமாகப் பேசுவோமா?" என்று கேட்க வேண்டும். நடுவில் ஒருவன் புகுந்து அந்தக் கேள்வியையே விழுங்கிவிட்டால் பேச்சு வெளிப்படையாகவே நடந்து முடியும். 465-ல் அந்தத் தொல்லை இல்லை, ஆரம்பமே பூட்டுடன்தான். 1997-ல் ஒதுக்கி, பிறகு தள்ளி வைத்த இந்த எண்ணையே 2018-ல் இண்டர்நெட் விதிகளை வகுக்கும் பொறியாளர்கள் மறுபடி அழைத்துச் சிபாரிசு செய்தார்கள். நாங்கள் 993, 465 இரண்டையும் எழுதினோம். பூட்டு இல்லாவிட்டால் பேசவே பேசாதே என்று தனியாக இன்னோர் உத்தரவும் எழுதி வைத்தோம்.

சில சமயம் இந்தப் புரோகிராம் ஒரு கேள்வி கேட்கும். எதிரில் நிற்பவர் காட்டும் அத்தாட்சிப் பத்திரம் சரியாக இல்லை. தள்ளிவிடவா, இந்த ஒரு தடவை ஏற்கவா, எப்போதைக்குமாக ஏற்கவா? "முக்கால்வாசிப் பேர் எப்பவும் ஏத்துக்கன்னு தட்டிட்டுப் போயிடுவாங்க சார். அவ்வளவு பூட்டும் அந்த ஒரு தட்டுல போச்சு" என்றான் பையன். பெயர் தெரியாதவன் கதவைத் தட்டினால் நம் வீட்டுப் பாட்டிமார் என்ன செய்வார்கள்? சங்கிலியைக் கழற்றாமல் விசாரிப்பார்கள். அதுதான் இங்கும் சரி.

அடுத்தது சாவி. ஜிமெயில்காரர்கள் 2022 மே 30 முதல், வழக்கமான கடவுச்சொல்லை இப்படிப்பட்ட வெளிப் புரோகிராம்களிடமிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இரட்டைச் சோதனை ஏற்பாட்டை முதலில் செய்துகொண்டால், இந்தப் புரோகிராமுக்கென்று 16 எழுத்தில் தனிச் சாவி தருவார்கள். அதை அந்தக் கோப்பிலேயே பச்சையாக எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போவதற்குச் சமானம். ஆகவே அதை வேறொரு கோப்பில் போட்டுச் சங்கேதமாக்கிப் பூட்டினோம். திறக்கும்போதெல்லாம் என் மனத்திலுள்ள ஒரு வாசகத்தைக் கேட்கும்.

முதல் கடிதம் வந்தது. தமிழ்! ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் மூன்றாம் பக்கமாக நின்றன. எழுத்தைக் கோக்கத் தெரிந்த வேறொரு ஜன்னலில் திறந்ததும் எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன.

எதிர்பாராத லாபமும் ஒன்று உண்டு. வியாபாரக் கடிதங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத பொட்டளவு படம் ஒன்றை ஒளித்து வைக்கிறார்கள். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படத்தை அனுப்பியவரின் சர்வரிடம் கேட்டு வாங்கப் போகுமாம் மெயில் பக்கம்; இன்ன நேரத்தில் திறந்தார் என்று அங்கே குறிப்பு ஏறிவிடும். நம் கலப்பின நாய்க்குப் படமே தெரியாது. ஆகையால் கோள் சொல்லவும் தெரியாது.

இத்தனையும் செய்த பிறகு கடிதம் உறைக்குள் வந்துவிட்டதா? அதுதான் இல்லை. முன்பு ஆர்.எம்.எஸ். ரயிலில் தபால் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். வழியில் யாரும் தொட முடியாது. ஆனால் அடுத்த ஆபீஸில் பையை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும். டி.எல்.எஸ். அந்த அரக்குதான். உள்ளே இருப்பது கார்டேதான். நிஜமான உறை வேண்டுமானால் 1991-ல் பில் ஸிம்மர்மன் வெளியிட்ட பி.ஜி.பி. முறை இருக்கிறது. 'மட்'டுக்கு அதுவும் தெரியும். ஆனால் எழுதுகிறவரிடமும் அந்த ஏற்பாடு இருக்க வேண்டும். சமையல் முடித்து, எல்லாரும் தூங்கிய பிறகு, பிள்ளையின் செல்போனில் எனக்கு நாலு வரி எழுதுகிற ஓர் அம்மாளிடம் போய், "சங்கேதச் சாவி செய்து அனுப்புங்கள்" என்று எப்படிச் சொல்வது? அவர் நம்பியது எந்த முறையையும் அல்ல, என்னை.

அங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது. என் பெட்டியில் இப்போது ஒரு கடிதம் இருக்கிறது. ஒரு தொடர்கதைக்குப் பத்து அத்தியாயம் தாராளமாகத் தேறும். ஊரை மாற்றி, பெயரை மாற்றி, உத்தியோகத்தை மாற்றி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று பேனா கேட்கிறது. எழுதிய அம்மாளுக்குத் தெரியும். அவர் வாராவாரம் கதை படிக்கிறவர். 993-ம் 465-ம் வழியில் இருப்பவனைத்தான் தடுக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் இருப்பவனைத் தடுக்க எண் எதுவும் கிடையாது. போன வாரம் பத்திரிகை ஆசிரியர் புதுத் தொடர் கேட்டார். கைவசம் கதை எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.