எழுத்தை எண்ணிய கதை

(இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு)

மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் மூன்று முறை விடுதிக்கு வந்து போய்விட்டார். எனக்குக் கவிதை வராது. காதல் அனுபவமும் கிடையாது. கைவசம் இருப்பது ஒரு பிராஜெக்ட் அனுபவம் மட்டுமே. அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையே எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

என் அம்மா கொழுந்து பறிப்பவர். நீலகிரியில் தேயிலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய எஸ்டேட்டும் துரை பங்களாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, பச்சை இலையை எடை போட்டு ஃபேக்டரிக்குக் கொடுக்கும் சிறு விவசாயிகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டுறவு ஃபேக்டரிகளுக்காக இண்ட்கோசர்வ் அமைப்பு 1965-லேயே வந்துவிட்டது. என் கதை நடந்தது ஒரு சின்னத் தனியார் ஃபேக்டரியில். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில் என்பது போதும், பேர் வேண்டாம்.

அங்கே எடை ஷெட்டில் ரைட்டர் அண்ணன் நோட்டில் கிலோவை எழுதுவார். மறுநாள் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு படிவத்தைத் திறந்து, ஒவ்வொரு பேராக அடிப்பார்கள். இரட்டை வேலை. ஷெட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, எடை போட்டவுடன் கணக்கு நேரே ஆபீசுக்குப் போக வேண்டும், பறித்தவர் கையில் தமிழில் ஒரு சீட்டும் வர வேண்டும். இதுதான் என் பிராஜெக்ட்.

படிவம் என்றால் என்ன என்று மற்றப் பிரிவு நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, நினைவிருக்கிறதா? பேர், வண்டி நம்பர், எத்தனை நாள் என்று நிரப்பிக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தியவுடன் பிரவுசர் அந்த விவரங்களை ஒரு கடிதமாக எழுதி சர்வருக்கு அனுப்புகிறது. என் ஷெட்டில் பொத்தானை அழுத்த ஆள் கிடையாது. அந்தக் கடிதத்தை என் புரோகிராமே எழுதி அனுப்ப வேண்டும்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில்தான் எழுதினேன். இந்த மாதிரி வேலைக்கு 'கர்ல்' என்று ஒரு துணை நிரல் உண்டு. அந்தப் பழைய மெஷினில் அது இல்லை. புதிதாக எதையும் ஏற்றக்கூடாது என்று ஆபீசில் கண்டிப்பு. லேப் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன்.

"எஃப்சாக்கோபன் இருக்குல்ல? 80-ஆம் போர்ட்டைத் திற. பிரவுசர் எழுதுற லெட்டரை நீயே ஒவ்வொரு வரியா எழுது. அப்பத்தான்டா உனக்கு நெட்வொர்க் புரியும்" என்றார்.

எழுதினேன். முதல் வரியில் 'போஸ்ட்' என்ற சொல், எந்தப் பக்கத்துக்கு என்ற விலாசம், எச்.டி.டி.பி. எந்தப் பதிப்பு என்ற விவரம். அடுத்து 'ஹோஸ்ட்'. அடுத்து, வருவது படிவ விவரம் என்று சொல்லும் 'கன்டென்ட்-டைப்'. அடுத்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் 'கன்டென்ட்-லெங்த்'. வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடு என்று 'கனெக்ஷன்: க்ளோஸ்'. அப்புறம் ஒரு வெற்று வரி. அதற்குக் கீழேதான் சரக்கு: பேர் இன்னது, கிலோ இத்தனை.

அந்த வெற்று வரியை முதல் நாள் விட்டுவிட்டேன். தலைப்பு வரிகள் இன்னும் வரும் என்று சர்வர் காத்திருந்தது. பதில் வரும் என்று என் புரோகிராம் காத்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் இரண்டு வீட்டாரும் 'அவங்களே பேசட்டும்' என்று உட்கார்ந்திருப்பார்களே, அப்படி! அரை நாள் போனது. வரி முடிவுக்கு 13, 10 என்ற இரண்டு குறிகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், தலைப்பு முடிந்ததும் அதே ஜோடியைத் தனியாக இன்னொரு முறை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அனுப்பினேன். '200 ஓகே' என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு பேரைக் கொடுத்து, 10 கிலோ போட்டுப் பார்த்தேன். ஆபீசில் 10 கிலோ ஏறியிருந்தது. அன்று கேன்டீனில் நண்பர்களுக்கு என் செலவில் பஜ்ஜி.

திங்கட்கிழமை ஷெட்டில் ஓட விட்டேன். சீட்டு தமிழில் வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, தன் பேரை விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். பக்கத்தில் நின்ற அக்காக்களிடம், "எம் பையன் போட்டது" என்றார். எனக்கு டிப்ளமோ அப்போதே கையில் வந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கணக்குப் பார்த்தார்கள். மொத்தம் 23 பேர். அதில் 11 பேருக்கு வாரம் முழுக்கப் பூஜ்யம்! அம்மாவுக்கும் பூஜ்யம்.

மழையில் அட்டை கடித்த காலோடு பறித்த இலை ஐயா அது. பதினோரு பேரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஆனால் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆளுக்கு ஆறு சீட்டு. "பாருங்க, செவ்வாய்க்கிழமை 27 கிலோ. எம் பேருக்கு நேரா இருக்கு" என்று அம்மா நீட்டினார். சீட்டை ரைட்டர் அண்ணனின் நோட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கூலி அன்றே கிடைத்தது. எனக்குத்தான் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பூஜ்யம் விழுந்த பதினோரு பேரும் யார் தெரியுமா? நான் தமிழில் பேர் ஏற்றியவர்கள். பழைய பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த 12 பேருக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை.

"இதுக்கு ஏன் தம்பி மண்டைய ஒடைச்சுக்கறே? எல்லாப் பேரையும் இங்கிலீஷ்லயே அடிச்சு விட்டுடு. சீட்டும் அப்படியே வரட்டும்" என்றார் ரைட்டர் அண்ணன். நல்ல மனுஷன், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் ஆசைதான். வைவாவுக்கு இன்னும் பத்து நாள்! வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "இங்கிலீஷ்ல இருந்திருந்தா இன்னைக்கு நான் எதைக் காட்டிக் கேட்டிருப்பேன் கண்ணு?"

அதற்கு மேல் நான் பேசவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தா தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. ஆனால் தாத்தா விரல் மட்டும் இன்றும் மேஜையில் தட்டிக்கொண்டே இருக்கும். அன்று ராத்திரி திண்ணையில் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"தந்தியில செய்திக்கு முன்னாடி, மொத்தம் எத்தனை வார்த்தைன்னு ஒரு எண்ணிக்கை போகும். வாங்குறவன் எண்ணிப் பார்ப்பான். பொருந்தலேன்னா திருப்பிக் கேப்பான். உன் மெஷின் திருப்பிக் கேக்கலையா?"

"இல்ல தாத்தா. 'ஓகே'ன்னு சொல்லிடுச்சு."

"அப்ப நீ சொன்ன கணக்கை நம்பிடுச்சு. இன்னொண்ணு கேளு. கல்யாண வாழ்த்துக்கெல்லாம் எங்ககிட்ட நம்பர் உண்டு. மாப்பிள்ளை கையில போறப்ப அது முழு வாக்கியம். கம்பியில போனது வெறும் நம்பர். எண்ணறப்போ கம்பியில என்ன போகுதுன்னு பாக்கணும், காகிதத்துல என்ன தெரியுதுன்னு இல்ல. நீ எதை எண்ணினே?"

எனக்குப் பொறி தட்டியது. ஓடிப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

'தேயிலை' என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யுனிகோடில் த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று 6. கம்பியில் யு.டி.எஃப்-8 முறையில் போகும்போது அந்த ஆறில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. ஆங்கில எழுத்தோ ஒன்றுக்கு ஒரே பைட். (இந்த முறையை 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியின் காகித விரிப்பில் போட்டார்களாம். நாம் கேன்டீன் மேஜையில் என்ன எழுதுகிறோம் என்று யோசியுங்கள்!)

எண்ணுவதற்கு பி.எச்.பி.யில் இரண்டு கட்டளைகள் உண்டு. 'ஸ்டர்லென்' பைட்டை எண்ணும். 'எம்பி-ஸ்டர்லென்' குறிகளை எண்ணும். 'தமிழுக்கு ஸ்டர்லென் தப்பாக எண்ணும்' என்று எங்கோ படித்த அரைகுறை அறிவில் நான் இரண்டாவதைப் போட்டிருந்தேன். 18 பைட் போகிற இடத்தில் 6 என்று சொன்னால் 12 பைட் குறைகிறது. சொன்ன நீளம் வரைக்கும் மட்டும் சர்வர் படித்தது, மிச்சத்தை விட்டுவிட்டது. வரியின் கடைசியில் இருந்தது எது? கிலோ! பேர் முன்னால் இருந்ததால் பேர் தப்பித்தது, உழைப்பு வெட்டுப்பட்டது.

திருத்தம் இரண்டே வரி. விவரங்களை முதலில் 'யூ.ஆர்.எல்.-என்கோட்' செய்தேன். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறும். 'தேயிலை' 54 ஆகிவிடும். 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று நான் முன்பு தவிர்த்தது இதைத்தான். அப்படி மாற்றிய பிறகு ஸ்டர்லென் போட்டு எண்ணினேன். கூடவே ஒரு காரியம் செய்தேன். '200 ஓகே'யை மட்டும் நம்பாமல், ஆபீஸ் ஏற்றிக்கொண்ட கிலோ எவ்வளவு என்று பதிலிலேயே திருப்பி வாங்கி, பொருந்தினால்தான் சீட்டு அச்சாகும் என்று வைத்தேன். அது தாத்தாவின் தந்தி ஆபீஸ் பழக்கம்.

அடுத்த சனிக்கிழமை 23 பேருக்கும் கணக்கு சரி. அந்தப் பழைய 12 பேரில் ஒருவர் வந்து, "தம்பி, என் பேரையும் தமிழ்ல மாத்திக் குடு" என்றார். மாற்றிக் கொடுத்தேன். வைவாவில் வெளித்தேர்வாளர், "லைப்ரரி இருக்கும்போது எதுக்குப்பா சாக்கெட்ல எழுதினே?" என்று கேட்டார். "லைப்ரரி இருந்திருந்தா அதுவே எண்ணியிருக்கும் சார், எதை எண்ணணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

அடுத்த ஆண்டு பிராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளே! 'டெஸ்ட்' என்று பேர் வைத்துச் சோதிக்காதீர்கள். உங்கள் அம்மா பேரைத் தமிழில் அடித்துச் சோதியுங்கள். அது முழுசாகப் போய்ச் சேர்ந்தால் மற்றதெல்லாம் போய்ச் சேரும்.

செயலாளர் அண்ணா, கட்டுரை இதோ. எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்காதீர்கள். எதை எண்ண வேண்டும் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்!