இவனுக்கு என்ன புரியும்?

எங்க ஊர் சோளிங்கரில் மலையேற வரும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் ஆஞ்சநேயர். மனசு சரியில்லை, பேய் பிடிச்சிருக்கு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் கூட்டிவந்து, தக்கான் குளத்தில் முழுக வைத்து மலையேற்றுவார்கள். ஐந்து வயதில் என் சித்தி பையனையும் அப்படித்தான் கூட்டிவந்தார்கள். பேச்சு வரவில்லை, கையை உதறிக்கொண்டே இருப்பான். ஆட்டிசம் என்ற வார்த்தையே அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"இவனுக்கு என்ன புரியும் சித்தி, விடுங்க" என்று அவன் எதிரிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். சித்தி ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

சில மாதம் முன்பு டீட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் பற்றிப் படித்தேன். மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த வங்காளிப் பையன். கடுமையான ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. அம்மா சோமா விடவில்லை. பாடம் படித்துக் காட்டினார், பலகையில் எழுத்தைத் தொட்டுக்காட்டப் பழக்கினார், விரலில் பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி எழுத வைத்தார். எட்டு வயதிலிருந்து பதினொன்றுக்குள் அவர் எழுதியவை 2000-இல் லண்டனில் 'பியாண்ட் தி சைலன்ஸ்' என்று புத்தகமாக வந்தன. அதில் தன்னையே 'அந்தப் பையன்' என்று யாரோ போல எழுதுகிறார். 2001-இல் அம்மாவும் பிள்ளையும் அமெரிக்கா போனார்கள். அதன்பிறகும் நிறைய எழுதினார்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். சோமாவின் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் சங்கம் 2018-இல் சொன்னது. பலகை பிடிப்பவரின் வார்த்தையே வந்துவிடலாம் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். டீட்டோவால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்று சித்தியிடம் நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு கணக்கு தெரியும். வரப்போகும் நஷ்டம் நிச்சயமில்லை என்றாலும் அதற்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கணும். அவனுக்குப் புரியாது என்று நினைத்து நல்லபடியாகப் பேசினால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. புரிகிறவன் எதிரில் இத்தனை வருஷம் அப்படிப் பேசியிருந்தால்?

அவனுக்கு இப்போது 14 வயது. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, நான் பேசினது தப்புடா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை உதறிக்கொண்டிருந்தான். சமையல்கட்டிலிருந்து சித்திதான் எட்டிப் பார்த்தார்கள்.