வராக்கடன் வசூலான கதை

57-0! 2017 செப்டம்பரில் நியூசிலாந்திடம் தென்னாப்பிரிக்க ரக்பி அணி வாங்கிய அடி இது. அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. முந்தைய வருடம்தான் இத்தாலியிடமும் முதன்முறையாகத் தோற்றிருந்தது. 'இனி தேறாது' என்று வராக்கடனில் எழுதிவிட்டார்கள் பல ரசிகர்கள். ஸ்கோரை மட்டும் பார்த்தால் கணிப்பில் தப்பில்லை.

2018ல் பயிற்சியாளராக ராஸி எராஸ்மஸ் வந்தார். சியா கொலிசி, டெஸ்ட் அணியின் முதல் கறுப்பினக் கேப்டன் ஆனார். ஆனாலும் 2019 உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே மறுபடி நியூசிலாந்திடம் தோல்வி. லீக் சுற்றில் தோற்ற எந்த அணியும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. அவ்வளவுதான் என்றார்கள்.

இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என்று சாய்த்தது அதே அணி!

ஸ்கோர் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.. அடுத்து வரப்போகும் ஆளைச் சொல்லாது. கணிப்பவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.