கண் திறக்க மறுத்த கணனி

இரவெல்லாம் இடியும் மின்னலும். காலையில் கணனியின் பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே கிடந்தது. மாலைக்குள் அனுப்பவேண்டிய கட்டுரை ஒருபுறமிருக்க, இன்று உயிரோடில்லாத பலரை நான் கண்ட செவ்விகளின் ஒலிப்பதிவுகளும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

திருத்தகம் ஒன்றுக்குத் தொலைபேசினேன். "கொண்டு வாங்கோ, போமற் பண்ணித் தாறம்" என்றார்கள். வன்தட்டைத் துடைத்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். நெஞ்சு பதறியது.

பொறியியல் பயிலும் அயல்வீட்டுத் தம்பியை அழைத்தேன். "பயப்பிடாதேங்கோ ஐயா. பெட்டி பழுதானாலும் வன்தட்டு பெரும்பாலும் தப்பிவிடும். கழற்றி வேறு கணனியில போட்டு எடுக்கலாம்" என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். விசிறி சுழல்வதால் மின்சாரம் வருகிறது. திரையின் வடங்கள் இறுக்கமாகவே இருந்தன. அச்சுப்பொறி முதலியவற்றைக் கழற்றியும் பயனில்லை. மின்னிணைப்பைப் பிடுங்கி, தேங்கிய மின்சாரம் வடியப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். பெட்டியைத் திறந்து, உடலின் நிலைமின் நீங்க உலோகச் சட்டத்தைத் தொட்டார். நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, 'கிளிக்' என்னும்வரை அழுத்திப் பொருத்தினார்.

திரை ஒளிர்ந்தது!

திகதி மட்டும் பல்லாண்டு பின்னோக்கிப் போயிருந்தது. தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்திருந்ததே காரணம். சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் கிடைக்கும்.

போகும்முன் தம்பி சொன்னவை: 'பீப்' ஒலி கேட்டால் எண்ணுங்கள், அதன் பொருள் தாய்ப்பலகைக் கையேட்டில் இருக்கும். விசிறியே சுழலாவிட்டால் மின்வழங்கிப் பெட்டியைச் சந்தேகியுங்கள்; ஆனால் அதைத் திறவாதீர்கள், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்சாரம் தேங்கியிருக்கும். வன்தட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இயக்கினால் உள்ளிருப்பதும் அழியும்.

கட்டுரை மாலையில் போய்ச் சேர்ந்தது. அன்றிரவே ஒலிப்பதிவுகளை இரு வெளிவட்டுகளில் பிரதி செய்தேன். ஒன்று இப்போது மகளின் வீட்டில் இருக்கிறது. எத்தனையோ பேரின் குரல்களைக் காப்பதாக வாக்களித்து வாங்கி வந்தவன், அவற்றை ஒற்றைத் தட்டில் விட்டிருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.