கூழைப்படை

மாண்ட மன்னனுக்காகப் புலம்புவதற்குக் கையறுநிலை என்றொரு துறை தமிழில் உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் மட்டைவரிசையை எண்ணிப் புலம்புவதற்குத் துறை எதையும் நம் இலக்கணிகள் வகுக்கவில்லை. வகுத்திருந்தால் 2025ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரல் முற்பாதியிலும் சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு மேற்கோள் பாடல்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கும்.

நடந்தது இதுதான். மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பையை வென்று ஐபிஎல் பருவத்தைத் தொடங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ், அடுத்த ஐந்து ஆட்டங்களையும் தோற்றது. ஒரே பருவத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகள் என்பது அந்த அணிக்கு அதுவே முதல்முறை. பெங்களூரு அணி 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் வென்றது. டெல்லி அணி 2010க்குப் பிறகு அங்கே வென்றது. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்கள் ஆடி 103 ஓட்டங்கள். அதை எதிரணி 10.1 ஓவர்களில் எடுத்து முடித்தது. அன்று இரவு எங்கள் தெருவில் தொலைக்காட்சிகள் வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாகவே அடங்கிவிட்டன.

நான் சேலத்தில் குடியிருந்து நாமக்கல் சாலையில் உள்ள ஒரு கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருபவன். மல்லூர் தாண்டினால் இடப்பக்கம் மலைகள் தென்படத் தொடங்கும்; ஆண்டகளூர்க்கேட்டில் பாதிப் பேருந்து இறங்கும்; மீதிப் பேர் லாரிப் பட்டறைகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் போகிறவர்கள். இந்தப் பேருந்தில் வழக்கமாக முதலில் பேசப்படுவது நாமக்கல் முட்டை விலை. அந்த நாட்களில் முட்டை விலை இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. தோல்வியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை என்பதுதான் என் கவனத்தைக் கவர்ந்தது. எல்லோரும் வரிசையைப் பற்றித்தான் பேசினார்கள். ருதுராஜ் கெய்க்வாட் தொடக்க இடத்தை விட்டு மூன்றாவதாக ஏன் இறங்குகிறார்? ராகுல் திரிபாதி ஏன் தொடக்கத்தில்? கான்வே ஏன் முதல் மூன்று ஆட்டங்களில் வெளியே? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தோனி எத்தனையாவது?

மார்ச் 28 அன்று பெங்களூருவுக்கு எதிராக அவர் ஒன்பதாவதாக வந்தார். அஸ்வினுக்கும் பின்னால். ஏழு விக்கெட்டுகள் விழுந்த பின் வந்து, 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்றார். அணி 50 ஓட்டங்களில் தோற்றது. அந்த முப்பது ஓட்டங்களுக்கு எழுந்த விசில் சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டபோது ஆட்டத்தின் முடிவு தெரியாத ஒருவர் வெற்றி என்றே நினைத்திருப்பார்.

மறுவாரம் முதுகலை மாணவன் ஒருவன், புறத்திணை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். "ஐயா, தோனி செஞ்சது எருமை மறமுங்களா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. தும்பைத் திணையில் வரும் துறை அது. தன் படை உடைந்து ஓடும்போது ஒரு வீரன் மட்டும் கடைசியில் தங்கி, துரத்தி வரும் பகைவரைத் தனியாக நின்று தடுப்பது. படையின் பின்பகுதிக்குக் கூழை என்று பெயர், முன்பகுதிக்குத் தார். கூழை என்றால் குட்டை என்ற பொருள் மட்டுமே இன்று பேச்சில் மிஞ்சியிருக்கிறது. கூழையைத் தாங்கி நிற்பவனைத் தொல்காப்பியமே தனித்துச் சொல்கிறது என்பதால், அந்த இடம் இழிவானதன்று.

அவனுக்கு நான் சொன்ன பதிலை இப்போதும் சரியென்றே கருதுகிறேன். எருமை மறத்தில் படை முதலில் உடைகிறது. வீரன் பிறகு நிற்கிறான். கூழையில் நிற்பது அவனுக்கு நேர்ந்த நிலைமை. பகைவன் வருமுன்பே, உன் முதன்மை வீரனுக்குக் கூழையில் இடம் குறித்துவிட்டுத் தாரை யார் யாருக்கோ கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆனால் காரணம் இல்லாமல் அப்படிக் குறிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மார்ச் 30 அன்று குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ஓட்டங்களில் தோற்றபின், பயிற்சியாளர் ஃப்ளெமிங் வெளிப்படையாகவே விளக்கினார்: தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் இயலாது. அப்போது அவருக்கு வயது 43. 2023இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக, முன்னே வா என்று கூவியவர்களின் விருப்பப்படியே பாதி ஓவர்கள் மிச்சமிருக்கும்போது வந்தார். விஜய் சங்கரும் அவரும் கடைசிவரை நின்றார்கள். 26 பந்துகளில் 30. ஐந்து விக்கெட்டுகள் கையில் இருக்க, 25 ஓட்டங்களில் தோல்வி. பின்னே வந்தாலும் குறை, முன்னே வந்தாலும் குறை என்று ஆனபோது, குறை வரிசை எண்ணில் இல்லை என்பது விளங்கத் தொடங்கியது.

எங்கள் பேருந்தின் சன்னல் வழியே தெரியும் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தியவன் என்று புறநானூறு அவனைக் கொண்டாடுகிறது. பதினேழு ஆண்டுகளாக நாம் அந்த அம்பைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். அந்த எதிர்பார்ப்பு ஒரு கட்டத்தில் ஆட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது. 2023 மே மாதத்தில் ஜடேஜா ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: நான் முன்னதாக இறங்கினால், மாஹி பாய் வருவதற்காக நான் ஆட்டமிழக்க வேண்டுமென்று மக்கள் காத்திருப்பார்கள். 2024 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனிக்கு முன்பாகத் தான் இறங்குவதுபோல் சில அடிகள் நடந்துவந்து, கூட்டத்தைப் பதறவைத்துத் திரும்பிப் போனார். எல்லோரும் சிரித்தோம். சொந்த அணியின் விக்கெட் விழுந்ததும் சொந்த மைதானம் ஆர்ப்பரிப்பதை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. கோயிலில் திரை விலகும் கணத்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் மனநிலை அது. தரிசனத்துக்கு வந்தவர்களிடம் வெற்றிக்கான வரிசையை எப்படி விளக்குவது?

மோசமான தொடக்கங்கள் இந்த அணிக்குப் புதியவை அல்ல. 2010இல் முதற்பாதியைப் பறிகொடுத்தும் கோப்பையை வென்றார்கள். தர்மசாலாவில் தோனி அடித்த அந்தக் கடைசி ஓவர் சிக்சர்களை எங்கள் வட்டாரத்து நம்பிக்கைவாதிகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் எடுத்து முன்வைப்பார்கள். 2022இல் ஜடேஜா தலைமையில் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. ஆனால் 2020தான் எங்களுக்கு ஆறாத ஒன்று. அந்த ஆண்டு அக்டோபரில், இளைஞர்களிடம் தேவையான பொறி தென்படவில்லை என்று தோனி சொன்னார். ஜெகதீசன் போன்ற தமிழக இளைஞர்கள் வெளியே உட்கார்ந்திருந்த நேரம். ஸ்ரீகாந்த் தொலைக்காட்சியில் கொதித்தார். அதே பருவத்தில், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் ஹைதராபாத் அணிக்காக யார்க்கர் யார்க்கராக வீசி 16 விக்கெட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். பொறி எங்கள் ஊரில் இருந்தது. மஞ்சள் சட்டையில் இல்லை. வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் 2 அன்று ஒருநாள் ஆட்டத்திலும், 4 அன்று இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். திரும்பி வந்தபோது சின்னப்பம்பட்டியில் அவரைச் சாரட்டு வண்டியில் வைத்து ஊர்வலமாக அழைத்துப்போனார்கள்.

அவருக்கு மஞ்சள் சட்டை ஒருபோதும் வாய்க்கவில்லை. 2025க்கான ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. எடுத்து, உட்காரவைத்தது. ஏப்ரல் 5 அன்று டெல்லி அணி சேப்பாக்கத்தில் ஆடியபோதும் அவர் பதினொருவரில் இல்லை. களத்தில் இறங்கியதே மே மாதத்தில்தான். ஆக, எங்கள் பக்கத்து விசைத்தறிக் கொட்டகைகளில் அந்த வசந்தத்தில் இரண்டு வரிசைகள் மீது கோபம் இருந்தது. ஒன்று, தோற்கும் அணி ஏன் இவர்களை ஆடவைக்கிறது என்பது. மற்றொன்று, வெல்லும் அணி ஏன் இவனை ஆடவைக்கவில்லை என்பது. தாரமங்கலம் சாலையில் ஒரு தேநீர்க்கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "தோத்தாக்கூடப் பரவாயில்லீங்க சார். ஆட உட்டுத் தோக்கட்டும்." இரண்டு கோபங்களுக்கும் அவர் சொன்னது பொருந்தியது.

அந்தப் பருவத்தில் அணிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது எப்படி என்பதைப் பாருங்கள். முழங்கை எலும்பு முறிந்து கெய்க்வாட் விலகியதால் 17 வயது ஆயுஷ் மாத்ரே உள்ளே வந்தார். மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 15 பந்துகளில் 32. குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால் டெவால்ட் பிரேவிஸ் வந்தார். முதல் ஆட்டத்தில் 42. வன்ஷ் பேடிக்கு மாற்றாக ஊர்வில் படேல் வந்தார். 11 பந்துகளில் 31. மூவருமே ஏலத்தில் இந்த அணி தேடி எடுத்தவர்கள் அல்லர், காயங்கள் கொண்டுவந்து சேர்த்தவர்கள். ஏலத்தில் எடுத்த தமிழக இளைஞர் ஆந்த்ரே சித்தார்த்துக்கோ ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. எலும்பு முறிந்தால்தான் வரிசை நிமிரும் என்றால், வரிசை போடுகிறவர்கள் அதுவரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டு. கோப்பை வென்றபோது சீட்டுக் கம்பெனி கணக்காகப் பெருமையைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் நாங்கள். தோல்வியில் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வது நியாயமில்லை.

இறுதியில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி. பத்தாம் இடம். கடைசி இடத்தில் இந்த அணி முடித்தது அதுவே முதல் தடவை. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்து தோல்வி. ஹைதராபாத் அணி அங்கே சென்னையை முதன்முறையாக வென்றதும் அதில் அடக்கம். ஆகஸ்டில் அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வை அறிவித்தார். டிசம்பர் ஏலத்தில் சர்வதேச ஆட்டம் ஆடாத இரண்டு இளைஞர்களுக்கு, பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும், தலா 14.20 கோடி கொடுத்தார்கள். தோனியைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

நவம்பரிலேயே சஞ்சு சாம்சனைப் பெறுவதற்காக ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்திருந்தார்கள். கணக்குப்படி அது சரியான முடிவாகவே இருக்கலாம். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். தோனிக்குப் பின்னால் நின்று அல்ல. தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்து போன பிறகு. செய்தி வந்த அன்று பேருந்தில் முட்டை விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண்டகளூர்க்கேட் வரை ஜடேஜாவைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.