பால் போதவில்லையா?

பிள்ளை பெற்ற வீட்டிற்கு நலம் விசாரிக்க வரும் பெண்கள் முதலில் கேட்பது, "பால் இருக்கிறதா?" என்பதுதான். அன்பினால் எழும் கேள்வியே எனினும், அது இளந்தாயின் உள்ளத்தில் அச்சத்தை விதைத்துவிடுகிறது.

என் மகளின் தலைப்பிரசவத்திலும் அவ்வாறே நேர்ந்தது. 12ஆம் நாள் குழந்தை ஓயாமல் அழுதான். "உம்மா, எனக்குப் பால் ஊறவில்லை போலிருக்கிறதே!" என்று அவள் கண் கலங்கினாள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் ஆக்கிக் கொடுத்தோம், கவலை தீரவில்லை. பால்மாவு டப்பா வாங்கும்படி உறவினர் வற்புறுத்தினர்.

அன்று வந்த கிராம சுகாதாரச் செவிலியர், "ஒரு நாளில் எத்தனை துணி நனைகிறது?" என்று வினவினார். எண்ணிப் பார்த்தோம், எட்டு. எடை பார்த்தார், பிறந்தபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. "பால் போதுமானதாகவே இருக்கிறது" என்றார்.

சகோதரிகளே! பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் அது மீண்டுவிட வேண்டும். முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்றே பொருள். பச்சிளங்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்கும். மார்பு மென்மையாகிவிடுவது பால் வற்றியதன் அடையாளமன்று.

குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். புட்டிப்பாலால் வயிறு நிறைந்த குழந்தை மார்பை நாடுவது குறையும், சுரப்பும் குறையும். இல்லாதிருந்த குறை அப்போது உண்மையாகிவிடும்.

மெய்யாகவே பால் குறைந்த தாய்மாரும் உண்டு. தைராய்டுக் கோளாறு, பிரசவத்தில் மிகுந்த உதிரப்போக்கு போன்றவை காரணமாகலாம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் சொல்லிப் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால், தாய் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாண்டுப் பாலூட்டலைப் பேசும் திருமறை வசனமே (2:233), குழந்தையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. அவளுக்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையைத் தந்தை மீது சுமத்துகிறது. ஆகவே இளந்தாய்க்கு நல்லுணவும் உறக்கமும் கிடைக்கச் செய்வது கணவருக்கும் மாமியாருக்கும் உரிய பொறுப்பு. இரவில் விழித்துப் பாலூட்டியவளைப் பகலில் சிறிது நேரமேனும் உறங்க விடுங்கள்.